ஒரு வண்டியின் இடம்

மும்பைக்குப் புதிதாகக் குடிவரும் நம்மவர்கள், மராட்டி பேசக் கற்குமுன் டோம்பிவலி நிலையத்தில் வண்டி ஏறக் கற்றுக்கொள்கின்றனர். பலகையில் 12 என்றிருந்தால் ஓரிடத்தில் நிற்கவேண்டும். 15 என்றிருந்தால் வேறிடம். வண்டி நிற்பது அரை நிமிஷம். இறங்குவோர் இறங்குமுன்னரே ஏறுவோர் ஏறிவிடுகின்றனர். சுமார் 1,700 பேருக்கென அமைத்த ஒன்பது பெட்டி வண்டியில் 4,500 பேருக்கு மேல் சென்றதுண்டு.

இந்நகரின் மின்சார வண்டி 1925 பிப்ரவரி 3ஆம் தேதி விக்டோரியா டெர்மினஸிலிருந்து குர்லாவுக்கு ஓடத் தொடங்கிற்று. பிற்காலத்தில் ஒன்பது, பன்னிரண்டு, பதினைந்து எனப் பெட்டிகள் கூடின. பெட்டியைக் கூட்ட நடைமேடையை நீட்டினால் போதும். வண்டியைக் கூட்டுவதற்கோ இரு வண்டிகளுக்கிடையே நேரம் வேண்டும். சில நிமிஷத்துக்கொரு வண்டி செல்லும் காலை வேளையில் அந்நேரம் ஏது? ஆகவே புதுவித வண்டி வந்தால், பழைய வண்டியொன்று விலகி அதற்கு வழிவிட வேண்டியதாகிறது.

குளிர்சாதன வண்டியின் கதை இதுவே. மேற்கு ரயில்வேயில் 2017 டிசம்பர் 25 அன்று அது முதன்முதல் ஓடிற்று. 2022 மே மாதத்தில் அதன் ஒருவழிக் கட்டணத்தைப் பாதியளவு குறைத்தனர். மாதச் சீட்டின் கட்டணத்தைத் தொடவில்லை. தினந்தோறும் வேலைக்குச் செல்பவர் ஒருவழிச் சீட்டு வாங்குவதில்லை என்பது, சீட்டு வழங்கும் ஜன்னலில் ஒருநாள் உட்கார்ந்தாலே தெரிந்துவிடும். இரண்டாம் வகுப்புப் 'பாஸ்' என்பது சுமார் 15 ஒருவழிப் பயணங்களின் விலையில் மாதம் முழுவதும் செல்வது. குடும்பத்தின் வரவுசெலவு அதை வைத்தே போடப்படுகிறது. ஆனால் குளிர்சாதன வண்டியில் அந்தப் பாஸ் செல்லாது. 2022 ஆகஸ்டில் கல்வாவிலும் பத்லாப்பூரிலும் பிரயாணிகள் மறியல் செய்தனர். ஒரு வண்டி போய்விட்டால் அதன் கூட்டமும் அடுத்த வண்டியில்தான் ஏறவேண்டும் என்பதை அவர்கள் நன்கறிவர். புதிதாகச் சேர்த்த பத்துக் குளிர்சாதன வண்டிகளை மத்திய ரயில்வே அம்மாதமே நிறுத்திற்று.

ஆயினும் கதவே வேண்டாமென்று எவர் சொல்வார்? 2025 ஜூன் 9 அன்று மும்ப்ரா அருகே வாயிற்படியில் தொங்கிச் சென்றவர்கள் விழுந்து மாண்டனர். அதன்பின், குளிர்சாதனமில்லாத வண்டிகளுக்கும் தாமே மூடும் கதவு அமைக்கப்படும் என்று ரயில்வேயினர் அறிவித்தனர். மூச்சுமுட்டாதிருக்கக் கதவில் காற்றிடுக்குகள், கூரையில் காற்றுக் கருவி, பெட்டிக்குப் பெட்டி நடைவழி ஆகியவையும் அத்திட்டத்தில் உண்டு. கதவு மூடுமானால், இன்று படியில் நிற்கும் ஆளுக்கு உள்ளே இடம் வேண்டுமல்லவா? அதற்குப் பதினைந்து பெட்டி வண்டிகள் இன்னும் பல வேண்டும். அவை நிற்க, மெதுவண்டிகளின் நடைமேடைகளையும் நீட்டவேண்டும்.