ட்ரோன் படத்தில் மஞ்சள் வட்டம்... புகையானா, வெயிலா?

மார்கழி பிறந்து பத்து நாள் இருக்கும். மாலை நாலரை மணி. நன்னிலம் பக்கத்துக் கிராமம் ஒன்றில், வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்த விவசாயியின் கையில் அவருடைய மகன் செல்போனைக் கொடுத்தார். அறுபதைத் தாண்டிய அப்பாவுக்கு இரண்டு வருடமாக மூட்டுவலி. வரப்பில் நடந்து ஆறு மா வயலையும் சுற்றி வருவது முடியாத காரியமாகிவிட்டது. தன் சம்பாப் பயிரை அன்றுதான் முதன்முறையாக ஆகாயத்திலிருந்து பார்த்தார்.

பச்சைப் பாய் விரித்தது போல் இருந்த வயலின் நடுவில், வெளிறிய மஞ்சளில் வட்டமாக ஒரு திட்டு.

அவர் முகம் மாறிவிட்டது. "தம்பி, இது புகையான்டா" என்றார்.

டெல்டா விவசாயிக்கு நெல் வயலில் வட்டம் என்றாலே புகையான்தான் ஞாபகத்துக்கு வரும். தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, தூரின் அடியில் கூட்டமாக உட்கார்ந்து சாற்றை உறிஞ்சும் பூச்சி அது. மேலே இருந்து பார்த்தால் தெரியாது. தெரியும்போது பயிர் வட்டம் வட்டமாகத் தீய்ந்து போயிருக்கும். அப்போது பயிர் தொண்டைக்கதிர் பருவத்தில் இருந்தது. நடவுக்கும் உரத்துக்கும் வீட்டம்மாவின் இரண்டு வளையல்கள் அடகில் இருந்தன. ஒரு வாரம் கவனிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும்.

அடுப்படியிலிருந்து வந்த மனைவியும் படத்தைப் பார்த்தார். "ஏங்க, நேத்துதானே அந்தப் பக்கம் புல்லறுத்துட்டு வந்தேன். நடுவயல்ல ஒண்ணும் இல்லைங்க. கன்னி மூலையிலதான் பயிர் ஒரு மாதிரி சோர்ந்து நிக்குது" என்றார்.

அப்பா செல்போனை நீட்டினார். "இந்தா பாரு, வட்டமா தெரியுது. படம் பொய் சொல்லுமா? கன்னி மூலையில என்ன இருக்கு? ஒண்ணையும் காணோமே."

உண்மைதான். படத்தில் கன்னி மூலை வெறும் பனிமூட்டம் மாதிரி வெளுத்துக் கிடந்தது. அம்மா அதற்குமேல் பேசவில்லை. அன்று மாலையே மருந்துக் கடையில் கடனுக்கு மருந்து வாங்கி வந்தார்கள். விசைத்தெளிப்பான் வைத்திருப்பவரிடம் காலை ஏழு மணிக்கு வரச் சொல்லியாயிற்று.

வரப்பைத் தாண்டிய வட்டம்

மகனுக்குத் தொழில் வீடியோ எடுப்பது. சுற்று வட்டாரத்தில் கல்யாணம், காதுகுத்து, கும்பாபிஷேகம் என்று எல்லாவற்றுக்கும் போவார். கையில் இருப்பது 250 கிராமுக்கும் குறைவான சிறிய ட்ரோன். அப்பா வயலுக்குப் போக முடியாமல் திண்ணையிலேயே உட்கார்ந்திருப்பதைப் பார்த்துப் பார்த்து, 'வயலையே திண்ணைக்குக் கொண்டு வந்துவிடலாம்' என்றுதான் அன்று ட்ரோனை எடுத்துப் போனார்.

இரவு சாப்பாட்டுக்குப் பிறகு, சாயங்காலம் எடுத்த வீடியோவை டி.வி-யில் போட்டார். மூன்று பேரும் உட்கார்ந்து பார்த்தார்கள். ட்ரோன் வயலுக்கு மேலே மெதுவாக முன்னேறியது. மஞ்சள் வட்டம் நடுவயலில் இருந்தது. பிறகு வரப்பில் இருந்தது. அடுத்து வாய்க்கால் தண்ணீரின் மேல் இருந்தது. கடைசியில் பக்கத்துக்காரரின் தென்னந்தோப்பில் ஏறி நின்றது.

அம்மா சிரித்துவிட்டார். "உங்க புகையான் வாய்க்கால்ல நீந்தி, தென்னமரத்துலயும் ஏறிடுச்சு."

அப்பா சிரிக்கவில்லை. மகனும்தான். அது என்ன என்று அந்த நொடியில் மகனுக்குப் புரிந்துவிட்டது. கல்யாண வீடியோக்களில் அவரே தேடித்தேடிப் பிடிக்கும் விஷயம்தான் அது. மாப்பிள்ளையையும் பெண்ணையும் சாயங்கால வெயிலுக்கு முன்னால் நிறுத்தி, வளையல் வளையலாக வெளிச்சம் விழும்படி எடுப்பார். அதற்கென்றே கேட்கிறவர்கள் உண்டு. வீடியோக்காரர்கள் அதை 'லென்ஸ் ஃப்ளேர்' என்பார்கள். கல்யாண வீட்டில் அழகாக இருந்தது, வயலில் பொய்யாகிவிட்டது. எட்டு வருடமாக இந்தத் தொழிலில் இருப்பவருக்கு இது சாயங்காலமே தெரிந்திருக்க வேண்டும். அப்பாவுக்கு ஒரு நல்லது செய்துவிட்ட சந்தோஷத்தில் அதைக் கவனிக்கவில்லை. அம்மா சொன்னதையும் காதில் வாங்கவில்லை.

வட்டம் எப்படி வருகிறது?

மறுநாள் அதிகாலையில் அப்பாவிடம் விளக்கிச் சொன்னார். கேமராவின் லென்ஸ் ஒரே கண்ணாடி இல்லை. பல கண்ணாடிகளை அடுத்தடுத்து வைத்திருப்பார்கள். சூரிய வெளிச்சம் லென்ஸின் முகத்தில் பட்டால், அதில் ஒரு பங்கு நேராக உள்ளே போகாது. ஒரு கண்ணாடிக்கும் இன்னொரு கண்ணாடிக்கும் இடையே பட்டுப் பட்டுத் திரும்பும். அதுதான் படத்தில் வட்டமாகவோ, பல கோணமாகவோ, வெளிறிய மஞ்சள், பச்சை, இளஞ்சிவப்பு நிறங்களில் விழும். சூரியன் படத்துக்குள் தெரிய வேண்டும் என்பதுகூட இல்லை. படத்துக்கு வெளியே ஓரத்தில் இருந்தாலும், வெயில் லென்ஸில் சாய்வாகப் பட்டால் போதும்.

இதற்கு இன்னொரு முகமும் உண்டு. வட்டம் எதுவும் விழாமல் படம் முழுக்கவோ ஒரு பக்கம் மட்டுமோ வெளுத்துவிடும். சாயங்காலம் மேற்கே பார்த்து ஓடும் பஸ்ஸில், தூசி படிந்த முன்கண்ணாடி வழியாக டிரைவருக்கு ரோடு எப்படித் தெரியுமோ, அப்படி. மார்கழியில் சூரியன் தென்மேற்கில்தான் இறங்குகிறது. வீட்டுப் பக்கமிருந்து பறந்த ட்ரோன், சூரியன் இருந்த கன்னி மூலையைப் பார்த்தபடியே படம் எடுத்திருக்கிறது. நடுவயலில் இல்லாத வட்டத்தைக் காட்டியதும், கன்னி மூலையில் இருந்ததை மறைத்ததும் அதே வெயில்தான்.

லென்ஸைப் பார்த்தபோது இன்னும் இரண்டு தப்புகள் தெரிந்தன. முந்தின வாரக் கல்யாணத்துக்காக மாட்டிய கறுப்பு 'என்.டி. ஃபில்டர்' கழற்றப்படாமல் இருந்தது. வெயிலின் கடுமையைக் குறைக்க மாட்டும் கண்ணாடி அது. கூடுதலாக ஒரு தட்டைக் கண்ணாடி சேர்ந்தால், வெளிச்சம் பட்டுத் திரும்ப இன்னும் ஓர் இடம் கிடைக்கிறது. விலை குறைந்த ஃபில்டர் என்றால் கேட்கவே வேண்டாம். அதன் மேல் ஒரு விரல் ரேகையும் எண்ணெய்ப் பிசுக்காகப் பதிந்திருந்தது.

காலை ஒன்பது மணிக்கு

விசைத்தெளிப்பான்காரரைப் பொறுத்திருக்கச் சொல்லிவிட்டு, பனி விலகட்டும் என்று காத்திருந்தார்கள். மகன் ஃபில்டரைக் கழற்றினார். மூக்குக்கண்ணாடி துடைக்கும் மெல்லிய துணியால் லென்ஸைத் துடைத்தார். வேட்டி முனையாலோ தோள் துண்டாலோ துடைத்தால் மண் துகள் கீறல் போட்டுவிடும். ஒன்பது மணிக்கு ட்ரோனை முப்பது மீட்டர் உயரத்துக்கு ஏற்றி, கேமராவை நேராகக் கீழே பார்க்கத் திருப்பினார். லென்ஸ் தரையைப் பார்க்கும்போது வெயில் அதன் முகத்தில் படாது. வயலைக் கோடு கோடாகக் கடந்து படம் எடுத்தார்.

நடுவயலில் வட்டம் இல்லை. கன்னி மூலையில், யூரியா தாராளமாகப் போட்டிருந்த பக்கத்து வயலை ஒட்டி, கட்டில் அளவுக்கு ஒரு திட்டு நிறம் மங்கித் தெரிந்தது. மகன் ட்ரோனை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நகர்த்திப் பார்த்தார். திட்டு நகரவில்லை. அந்த வரப்பு முக்கிலேயே நின்றது.

அம்மா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு வயலில் இறங்கினார். நெல் குத்தைச் சாய்த்து அடியில் இரண்டு தட்டு தட்டினார். தண்ணீரில் பழுப்புப் பூச்சிகள் பொலபொலவென்று விழுந்தன. பதினைந்து தூர் இருந்த குத்தில் முப்பதுக்கும் மேல். நடுவயலுக்கு வந்து தட்டினால் ஒன்றிரண்டுதான். கூடவே சிலந்திகளும் இருந்தன. தூருக்கு ஒரு பூச்சி, குத்துக்கு ஒரு சிலந்தி இருக்கும் வயலில் தூருக்கு இரண்டு பூச்சி என்ற அளவைத் தாண்டினால்தான் நடவடிக்கை தேவை என்பது வேளாண் துறையின் கணக்கு.

கடையில் கொடுத்த மருந்தின் பெயரை வேளாண் அலுவலரிடம் போனில் சொன்னார்கள். பைரித்ராய்டு வகை. "அதை அடிச்சா சிலந்தியெல்லாம் செத்து, புகையான் இன்னும் பெருகிடும். முதல்ல தண்ணிய வடிங்க" என்றார் அவர். வாய்க்காலில் தண்ணீர் குறைந்திருந்ததால் வயலை வடிப்பது சுலபமாக இருந்தது. நான்கு நாள் காயப்போட்டார்கள். கன்னி மூலையில் மட்டும் பயிரை விலக்கிவிட்டு, 5 சதவிகித வேப்பங்கொட்டைச் சாற்றைத் தூரின் அடியில் படும்படி தெளித்தார்கள். உடைக்காத மருந்து டப்பா கடைக்கே திரும்பிப் போனது. சேதம் இரண்டு குழி அளவோடு நின்றது.

வயலுக்கு மேலே பறப்பவர்களுக்கு...

இப்போது கிராமங்களிலும் சிறிய ட்ரோன் வைத்திருக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். இந்தக் குடும்பம் ஒரு போகத்தில் கற்றுக்கொண்டது அவர்களுக்கும் உதவும்.

ஒரே ஒரு போட்டோவை வைத்து முடிவு எடுக்க வேண்டாம். போட்டோவில் வெளிச்ச வட்டமும் அசையாமல்தான் நிற்கும். சில நொடி வீடியோ எடுத்து, கேமராவைத் திருப்பிப் பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். கேமராவோடு நகர்ந்தால் வெளிச்சம். பயிரோடு நின்றால் அங்கே ஏதோ இருக்கிறது. போய்ப் பார்க்க வேண்டும்.

கேமராவைச் சாய்த்து எடுப்பதாக இருந்தால், சூரியன் பக்கவாட்டில் சற்றுப் பின்னால் இருக்கட்டும். நேர் பின்னாலும் வேண்டாம். ட்ரோனின் நிழல் விழும் இடத்தைச் சுற்றிப் பயிர் தன் நிழலையே மறைத்துக்கொண்டு வெளுத்துத் தெரியும். அதையும் நோய் என்று நினைக்கத் தோன்றும்.

உச்சி வெயிலில் கேமராவைக் கீழே பார்க்க வைத்தாலும் சிக்கல் உண்டு. நட்ட புதிதில், தண்ணீர் நிற்கும் வயல் கண்ணாடி மாதிரி சூரியனைத் திருப்பிக் காட்டும். அந்த இடத்தில் பயிர் இருக்கிறதா, அழுகிவிட்டதா என்று தெரியாது. சூரியன் சரிவாக இருக்கும் காலை ஒன்பது, பத்து மணி அதற்கு ஏற்றது. சூரியன் முன்னால் இருக்கும்போது, இறக்கையின் நிழல் லென்ஸில் விழுந்து படத்தில் பட்டை பட்டையாகத் துடிப்பதும் உண்டு. திசையை மாற்றினாலோ கேமராவைத் தாழ்த்தினாலோ அது போய்விடும்.

லென்ஸுக்கு நிழல் தர, அந்த மகன் ஒரு முறை கறுப்பு அட்டையை வெட்டி ஒட்டிப் பார்த்தார். கேமராவைத் தாங்கும் சின்ன மோட்டாருக்கு அந்தப் பாரம் தாங்கவில்லை. திரையில் எச்சரிக்கை வந்தது, உடனே இறக்கிவிட்டார். அந்தந்த ட்ரோனுக்கென்றே வரும் லென்ஸ் மறைப்பைத்தான் மாட்ட வேண்டும். காற்று பலமாக இருந்தால் அதையும் கழற்றிவிடுவது நல்லது.

பறக்கும் முன் தங்கள் ஊர் பச்சை மண்டலத்தில் இருக்கிறதா என்று அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும். 2021-ம் ஆண்டு ட்ரோன் விதிகளின்படி, 250 கிராம் வரையிலான நானோ ட்ரோனுக்கும், வியாபார நோக்கம் இல்லாமல் பறக்கவிடும் 2 கிலோ வரையிலான மைக்ரோ ட்ரோனுக்கும் பைலட் சான்றிதழ் தேவையில்லை.

தை மாதம் அறுவடை முடிந்தது. அடகில் இருந்த வளையல்களில் ஒன்று திரும்பி வந்துவிட்டது. அப்பா இன்னமும் திண்ணையில் உட்கார்ந்துதான் வயலைப் பார்க்கிறார். ஆனால், மகன் செல்போனை நீட்டியதும் இரண்டு கேள்வி கேட்கிறார். "சூரியன் எந்தப் பக்கம் இருந்துச்சு?" என்பது மகனுக்கு. அடுத்தது அடுப்படியைப் பார்த்து: "நீ அந்தப் பக்கம் போனியே, பயிர் எப்படி இருக்கு?"