நடைபாதை மேசைக்கு நாய் வந்த வழி

நாயோடு வருபவருக்கும் மேசை தரும் கஃபே, சிட்னியின் புறநகர்களில் இன்று சாதாரணக் காட்சி. நகர மையத்துக்குத் தெற்கே உள்ள எர்ஸ்கின்வில் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. சுவரோடு சுவர் ஒட்டிய பழைய வரிசை வீடுகள், குறுகலான தெருக்கள், ஒரு ரயில் நிலையம், நடந்து போகும் தூரத்தில் சிட்னி பார்க் என்ற பெரிய பூங்கா. காலையில் பூங்காவிலிருந்து திரும்புகிறவர்கள் நடைபாதை மேசைகளில் உட்கார, நாய் மேசைக்கு அடியில் படுத்துக்கொள்கிறது. கதவோரம் ஒரு கிண்ணத்தில் தண்ணீர் இருக்கும். சில கடைகளில் கயிற்றை மாட்டச் சுவரில் கொக்கியும் உண்டு. பழகியவர்கள் கயிற்றை மேசைக்காலில் கட்டுவதில்லை. நாற்காலிக் காலில் வளையமாக மாட்டி, அதன்மேல் தாங்களே உட்கார்ந்துகொள்கிறார்கள். அலுமினிய மேசை இலேசானது. எதிர்ச்சாரியில் இன்னொரு நாயைக் கண்டு இது பாய்ந்தால் மேசையும் காபியும் கூடவே போய்விடும்.

இந்த வழக்கம் எங்கிருந்து வந்தது என்று தேடினால், ‘மக்களுக்கு நாய்மீது பிரியம் கூடிவிட்டது’ என்ற விடைதான் முதலில் கைக்குக் கிடைக்கும். அது போதாது. ஆஸ்திரேலியக் குடும்பங்கள் பல தலைமுறைகளாக நாய் வளர்த்து வருகின்றன. அத்தனை பிரியம் இருந்தும் கஃபே வாசலில் நாய் உட்காருவது சட்டமீறலாக இருந்த காலம் ஒன்று உண்டு, அதுவும் வெகு அண்மையில். ஆகவே என் தேடல் பிரியத்தை விட்டு நடைபாதையையும் சட்டப் புத்தகத்தையும் பின்தொடர்ந்தது.

தேடுபவரைத் திசைதிருப்பும் தடம் ஒன்றை முதலில் விலக்கிவிட வேண்டும். தைவானின் தைபே நகரில் 1998இல் பூனைகள் உலவும் கஃபே ஒன்று திறந்தது. 2004இல் ஜப்பானின் ஒசாகாவில் அதே வகைக் கடை வந்தது. பிறகு ஜப்பானிலும் கொரியாவிலும் பூனைக் கஃபேக்களும் நாய்க் கஃபேக்களும் பெருகின. நாயோடு போகும் கஃபேயும் இந்த மரபில் வந்தது என்று பலர் எழுதிவிடுகிறார்கள். இரண்டும் வேறு. தைபே வகைக் கடையில் விலங்கு கடைக்குச் சொந்தம். வீட்டில் விலங்கு வளர்க்க வசதியில்லாதவர் அதனோடு சிறிது நேரம் இருக்கக் காசு கொடுக்கிறார். எர்ஸ்கின்வில்லில் நாய் வாடிக்கையாளருடையது, காசு காபிக்கு மட்டும்.

ஐரோப்பாவின் பக்கம் திரும்பினால் தொடக்கம் என்று ஒன்றைக் குறிப்பதே கடினம். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2004ஆம் ஆண்டு உணவுச் சுகாதார விதி, உணவு தயாரிக்கும், கையாளும், சேமித்து வைக்கும் இடங்களுக்கு வீட்டு விலங்குகள் வராமல் தடுக்கச் சொல்கிறது. சாப்பிடும் கூடத்துக்குள் நாய் வரலாமா என்பது பெரும்பாலும் கடைக்காரரின் விருப்பத்துக்கு விடப்பட்டுவிட்டது. பாரிஸின் உணவகத்தில் நாற்காலிக்கு அடியில் நாய் தூங்குவதும், இங்கிலாந்தின் பப்பில் கணப்புக்குப் பக்கத்தில் நாய் படுத்திருப்பதும் தனிச் சட்டம் எதுவும் இயற்றாமலே நடந்து வருபவை. ஆஸ்திரேலியா அந்த வழியில் போகவில்லை. அங்கே முதலில் தடை வந்தது, பிறகு தடையில் ஒரு வாசல் திறந்தது.

அந்த வாசலுக்கு முன்னால் நடைபாதையில் மேசை வர வேண்டியிருந்தது. சிட்னியில் எஸ்பிரெஸோ காபியைப் பரப்பியவர்கள் இரண்டாம் உலகப்போருக்குப் பின் குடியேறிய இத்தாலியர்கள். குத்துச்சண்டை வீரராக இருந்த லூயிஜி கொலுட்சி 1957இல் தொடங்கிய ‘பார் கொலுட்சி’ டார்லிங்ஹர்ஸ்ட் பகுதியில், நடைபாதையில் போட்ட சின்ன முக்காலிகளுக்காகவே பேர்போனது. அதே டார்லிங்ஹர்ஸ்டில் 1993இல் பில் கிரேஞ்சர் என்ற இளைஞர் ‘பில்ஸ்’ என்ற கடையைத் திறந்தார். குடியிருப்புத் தெரு என்பதால் கடை திறந்திருக்கும் நேரத்துக்குக் கட்டுப்பாடு இருந்தது. இரவு வியாபாரத்துக்கு வழியில்லாததால் காலையுணவையே அவர் கடையின் அடையாளமாக்கினார். காலையில் வெளியே போய்ச் சாப்பிடுவது சிட்னிக்காரரின் வழக்கமாக வேரூன்றியதில் இந்தக் கடைக்குப் பெரிய பங்கு உண்டு. நாயைப் பொறுத்தவரை நேரம் முக்கியமானது. நாயை நடத்திக் கூட்டிப்போகும் வேளை காலை. இரவு உணவகங்களே நிறைந்த ஊரில் நாயும் மேசையும் இவ்வளவு எளிதில் சந்தித்திருக்காது.

இனிச் சட்டம். நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் 1966ஆம் ஆண்டின் நாய்ச் சட்டத்தை அகற்றி, 1998இல் வளர்ப்புப் பிராணிகள் சட்டம் வந்தது. நாய்க்கு மைக்ரோசிப் பொருத்துவதும் ஆயுள் முழுமைக்கும் ஒரே பதிவு செய்வதும் இந்தச் சட்டத்தின் வழியே வந்தவை. நாய் கஃபேக்கு வந்த கதையின் கருவும் இதன் அடுத்தடுத்த இரண்டு பிரிவுகளில்தான் இருக்கிறது.

13ஆம் பிரிவு, பொது இடத்தில் நாயைக் கயிற்றில் பிடித்திருக்க வேண்டும் என்கிறது. கூடவே, ஒவ்வோர் உள்ளாட்சி மன்றமும் தன் எல்லைக்குள் நாயைக் கயிறவிழ்த்து விடக்கூடிய பொது இடம் ஒன்றையாவது எப்போதும் வைத்திருக்க வேண்டும் என்றும் கட்டாயப்படுத்துகிறது. 14ஆம் பிரிவோ நாய் போகக் கூடாத இடங்களை அடுக்குகிறது. குழந்தைகள் விளையாடும் ஊஞ்சல், சறுக்குமரத்திலிருந்து 10 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். பொது இடத்தில் மனிதருக்கு உணவு தயாரிக்கவோ மனிதர் உணவு உண்ணவோ போட்டிருக்கும் சாதனம் எதுவானாலும் அதற்கும் அதே 10 மீட்டர். பூங்காவின் பார்பிக்யூ அடுப்பும் இதில் அடக்கம், நடைபாதையில் போட்ட கஃபே மேசையும் அடக்கம்.

ஒரே சட்டம், ஒரு பிரிவில் நாய்க்காரர்களைப் பூங்காவில் கூட்டுகிறது. அடுத்த பிரிவில், பூங்காவை விட்டு வெளியே வந்தவர்களைக் காபி மேசைக்கு 10 மீட்டர் தூரத்தில் நிறுத்துகிறது. நாய்க்கு இடம் தரும் கஃபே பிறந்தது இந்த இடைவெளியில் என்பது என் முடிவு. சிட்னி பார்க்கையே எடுத்துக்கொள்ளலாம். செங்கல் சூளைகள் இருந்த இடம் அது. மண் தோண்டிய பள்ளங்கள் பிற்பாடு நகரத்தின் குப்பையால் நிரப்பப்பட்டு, அதன்மேல் மேடுகளும் குளங்களுமாகப் பூங்கா எழுந்தது. பழைய சூளைகளின் புகைபோக்கிகள் மட்டும் ஓரத்தில் இன்றும் நிற்கின்றன. ஏறத்தாழ 40 ஹெக்டேர் பரப்பு, அதில் பெரும்பகுதி நாய்கள் கயிறின்றி ஓடக்கூடியது. நாய் ஓடும்போது அதை விட்டவர்கள் கூடி நின்று பேசுகிறார்கள். ஒரே நேரத்துக்கு வருகிறவர்கள் ஒருவரையொருவர் நாயின் பெயரால்தான் அறிகிறார்கள். பேச்சு முடிகிற இடத்தில் ஒரு காபி தேவைப்படுகிறது.

2010இல் மாநிலச் சட்டமன்றம் 14ஏ என்ற புதிய பிரிவைச் சேர்த்தது. வெளிப்புற உணவிடத்தில் நாய் இருக்கலாம் என்று அது அனுமதித்தது. ஆபத்தானவை என்று அறிவிக்கப்பட்ட நாய்களுக்கும் தடைசெய்யப்பட்ட இனங்களுக்கும் இந்த அனுமதி இல்லை. நாய் கயிற்றில், அதைக் கட்டுப்படுத்தக்கூடிய ஒருவரின் பிடியில் இருக்க வேண்டும். தரையிலேயே இருக்க வேண்டும். மடியும் கூடாது, நாற்காலியும் கூடாது. அங்கே அதற்கு யாரும் உணவு கொடுக்கக் கூடாது. நாயை ஏற்றே ஆக வேண்டும் என்று கடைக்காரரை இந்தப் பிரிவு கட்டாயப்படுத்தவில்லை. வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

மாநிலச் சட்டம் பாதி வழிதான். நாயின் சட்டம் அனுமதித்தாலும் உணவின் சட்டம் அனுமதிக்க வேண்டுமே. ஆஸ்திரேலிய நியூசிலாந்து உணவுத் தர நெறிகளில் 3.2.2 எனப்படும் தரம், உணவு கையாளும் இடத்தில் உயிருள்ள விலங்கு இருக்கக் கூடாது என்கிறது. பார்வையற்றோருக்கும் பிற மாற்றுத்திறனாளிகளுக்கும் துணைவரும் உதவி நாய்களை வாடிக்கையாளர் பகுதிக்குள் விட்டே ஆக வேண்டும். அது 1992ஆம் ஆண்டின் ஊனமுற்றோர் பாகுபாட்டுத் தடைச் சட்டத்தோடு சேர்ந்த உரிமை. மற்ற நாய்கள் வெளிப்புற உணவிடத்தில் இருக்கக் கடைக்காரர் விரும்பினால் அனுமதிக்கலாம் என்ற திருத்தம் 2012இல் சேர்ந்தது. அதன் பிறகே இது நாடு முழுமைக்கும் பொதுவான நிலை ஆயிற்று.

வெளிப்புற உணவிடம் என்றால் என்ன என்று அந்தத் தரம் சொல்லும் விதம் கூர்ந்து படிக்கத் தக்கது. அங்கே சாப்பிடுவதும் குடிப்பதும் நடக்கலாம், உணவு தயாரிப்பு நடக்கக் கூடாது. கூரையும் சுவருமாக அடைபட்ட இடமாக இருக்கக் கூடாது. அடைபட்ட இடம் எதற்குள்ளும் நுழையாமலே பொதுமக்கள் அங்கே வந்துசேர முடிய வேண்டும். இந்தக் கடைசி நிபந்தனைதான் எந்தக் கடைக்கு நாய் வரும், எந்தக் கடைக்கு வராது என்பதைத் தீர்மானிக்கிறது. பின்புறத்தில் மரநிழலோடு அழகான முற்றம் வைத்திருக்கும் கஃபே, அதற்குப் போகும் வழி கடைக்குள்ளே மட்டும் இருந்தால், நாயை அழைக்க முடியாது. பக்கத்தில் ஒரு சந்தும் அதற்கொரு கதவும் இருந்தால் முடியும். எர்ஸ்கின்வில்லில் வரிசை வீடுகளைக் கடையாக மாற்றிய இடங்களில் பக்கச் சந்து அரிது. நாய்கள் பெரும்பாலும் தெருப்பக்கத்து மேசைகளிலேயே தங்கிவிட்டதற்கு அதுவும் ஒரு காரணம்.

உணவு கொடுக்கக் கூடாது என்ற நிபந்தனை அதே அளவுக்குக் காப்பாற்றப்படவில்லை. நாய்க்கென்று சின்னக் கோப்பையில் பால் நுரையோ அடித்த கிரீமோ தரும் ‘பப்பச்சினோ’ பல ஊர்களில் பரவிவிட்டது. குழந்தைகளுக்குத் தரும் ‘பேபிச்சினோ’வின் தம்பி இது. நியூ சவுத் வேல்ஸில் அதை மேசையடியில் வைப்பது 14ஏ பிரிவோடு இசையாது. தண்ணீர்க் கிண்ணத்துக்கு இந்தத் தடை இல்லை. வளர்ந்த நாய்கள் பலவற்றுக்குப் பாலின் லாக்டோஸ் எளிதில் செரிப்பதில்லை. காபியும் சாக்லேட்டும் நாய்க்கு நஞ்சு. திராட்சைப் பழமும் வெங்காயமும் ஆகாது. காலையுணவுத் தட்டிலிருந்து தவறி விழும் துண்டு என்னவாக இருக்கும் என்று யோசித்தால் இந்த நிபந்தனை கறாராக இருப்பதே நல்லது என்று தோன்றுகிறது.

அமெரிக்காவின் புளோரிடா மாநிலம் இதே சிக்கலை 2006இல் வேறு விதமாகத் தீர்த்தது. அங்கே உள்ளாட்சி அனுமதித்தால் வெளிப்புற மேசைகளுக்கு நாய் வரலாம். நாய் கயிற்றில் இருக்க வேண்டும், நாற்காலியில் ஏறக் கூடாது என்பவை அங்கும் உண்டு. ஆனால் சுமையின் பெரும்பகுதி கடையின் தலையில். நாயைத் தொட்ட ஊழியர் உடனே கை கழுவ வேண்டும். மேசைதோறும் கைச் சுத்திகரிப்பு நீர்மம் வைக்க வேண்டும். ஒருவர் எழுந்து அடுத்தவர் உட்காருவதற்குள் மேசை நாற்காலிகளைத் துடைத்துக் கிருமிநீக்கம் செய்ய வேண்டும். நாய் அசுத்தம் செய்தால் உடனே துப்புரவு செய்யும் பொருட்களைப் பக்கத்திலேயே தயாராக வைத்திருக்க வேண்டும். சிட்னி வழி நாயைப் பிடித்திருப்பவரிடம் பொறுப்பைத் தருகிறது, புளோரிடா வழி கடைக்காரரிடம். சிறு கடைகள் நிறைந்த புறநகருக்குச் சிட்னி வழியே பொருந்துகிறது. இரண்டு பேர் நடத்தும் கடையால் புளோரிடாப் பட்டியலைத் தினமும் நிறைவேற்ற முடியாது. அமெரிக்கக் கூட்டரசின் மாதிரி உணவு நெறி, வெளிப்புற மேசைகளுக்கு நாய் வரும் வாய்ப்பை 2022இல்தான் சேர்த்துக்கொண்டது.

சிட்னி நடைபாதை மேசைகளின் இயல்பை மாற்றிய இன்னொரு விதி, நாயோடு தொடர்பில்லாதது. 2015 ஜூலை முதல் மாநிலத்தின் வெளிப்புற உணவிடங்களில் புகைபிடிக்கத் தடை வந்தது. அதற்கு முன் வெளிமேசை என்றால் சாம்பல் கிண்ணம் இருக்கும் மேசை. தடைக்குப் பிறகு குழந்தை வண்டியோடும் நாயோடும் வருகிறவர்களுக்கு அந்த மேசைகள் உகந்தவை ஆயின.

பிறகு வந்தது குடியிருப்பு மாற்றம். எர்ஸ்கின்வில்லுக்குப் பக்கத்தில் கிரீன் ஸ்கொயர் பகுதியில் பழைய தொழிற்சாலை நிலங்களில் அடுக்குமாடிகள் எழுந்தன. அடுக்குமாடிக் குடியிருப்புகள் பலவற்றில் வளர்ப்புப் பிராணிக்கே தடை இருந்தது. ஹேரி சைட்லர் வடிவமைத்த ஹொரைசன் என்ற கட்டடத்தில் ஆங்கஸ் என்ற சிறிய ஷ்நாட்சர் நாய்க்காக நடந்த வழக்கில், அப்படிப்பட்ட முழுத்தடை செல்லாது என்று மாநில மேல்முறையீட்டு நீதிமன்றம் 2020 அக்டோபரில் தீர்ப்பளித்தது. நியாயமான காரணமின்றிப் பிராணியை மறுக்கக் கூடாது என்று 2021இல் சட்டமும் திருத்தப்பட்டது. பெருந்தொற்றுக் காலமும் அதுவே. ஆஸ்திரேலியக் குடும்பங்களில் நாய் வளர்ப்பவை 2019இல் 40 சதவீதம் என்றும் 2022இல் 48 சதவீதம் என்றும் பிராணி மருந்துத் தொழில் அமைப்பின் கணக்கெடுப்புகள் சொல்கின்றன. கொல்லைப்புறம் இல்லாத வீட்டில் நாய் இருந்தால் தெருவே அதன் கொல்லை. சிட்னி ரயில்களில் உதவி நாய் தவிர்த்த நாய்களுக்கு நீண்ட காலமாக இடமில்லாததால், நாய்க்காரரின் கஃபே பெரும்பாலும் நடந்து போகும் தொலைவுக்குள் இருப்பதாகவே அமைகிறது. புறநகரில் இந்தக் கடைகள் பூங்காவை ஒட்டிக் கூடியிருப்பதன் காரணம் இதில் இருக்கிறது.

கடையின் உட்கூடம் மட்டும் 3.2.2இன்படி உதவி நாய்க்கு மட்டுமே திறந்திருக்கிறது. வெளிமேசையிலும் ஒரு சிக்கல் உண்டு. அடைபட்ட இடம் என்பதை வரையறுக்கும்போது, நிரந்தரமாகவோ தற்காலிகமாகவோ அடைபட்டது என்று அந்தத் தரம் சொல்கிறது. குளிர்கால மழையில் வெய்யில்மறைப்பிலிருந்து நான்கு பக்கமும் பிளாஸ்டிக் திரைகளை இறக்கிக் கட்டினால், அதுவரை வெளிப்புறமாக இருந்த இடம் அந்த நிமிடமே உள்ளிடம் ஆகிவிடும். நாயோடு வருபவரை நம்பியிருக்கும் கடைகள் அதனால் மழை நாளில் ஒரு பக்கத்துத் திரையையாவது சுருட்டியே வைக்க வேண்டியிருக்கிறது.