கடைக்காரரும் இளைப்பாறும் நகரம்



2018-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில், ஊழியர்களின் கூடுகை ஒன்றினிமித்தம் மிசோரம் மாநிலத்தின் தலைநகரமாகிய ஐஸ்வாலுக்குச் செல்லும்படி கர்த்தர் கிருபை செய்தார். வெளிமாநிலத்தார் அங்கே பிரவேசிப்பதற்கு 'இன்னர் லைன் பெர்மிட்' என்னும் அனுமதிச்சீட்டு அவசியம். லெங்புய் விமான நிலையத்தில் இறங்கி, ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர் மலைப்பாதையில் பிரயாணம் செய்தேன். நகரத்திற்கு அருகிலுள்ள சாய்ராங் வரை ரயில் வந்தது 2025 செப்டம்பரில்தான். மலைமுகட்டின்மேல் நெருங்கி நிற்கும் அந்நகரத்து வீடுகள் பலவற்றில் சாலையிலிருந்து நுழைந்தால் நாம் நிற்பது மேல்மாடி. மற்ற மாடிகள் சரிவிலே கீழ்நோக்கி இறங்குகின்றன.

அந்தப் பிரயாணத்தில் என் இருதயத்திலே ஒரு பாரம் இருந்தது. மும்பையில் எங்கள் சபைக்கு வரும் சகோதரர் ஒருவர், அடுக்குமாடிக் குடியிருப்பொன்றில் இரவுக் காவலாளி. பன்னிரண்டு மணிநேர வேலை முடித்து, சீருடையோடே ஆராதனைக்கு வருவார். பிரசங்க வேளையில் உறங்கிவிடுவார். ஒரு ஞாயிறன்று, பிரசங்க பீடத்தில் நின்றபடியே அவரைக் கடிந்துகொண்டேன். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அடுத்த ஞாயிறு அவருடைய இடம் காலியாயிருந்தது. அதற்கடுத்த ஞாயிறும் அப்படியே.

ஐஸ்வாலில் சனிக்கிழமை மாலை 'படா பஜார்' சந்தையில் கால்வைக்க இடமில்லை. கீரையும் இறைச்சியும் வாங்கிக்கொண்டு ஜனங்கள் விரைந்தார்கள். மறுநாள் அதிகாலையில் எழுந்து, வழக்கப்படி தேநீர் குடிக்க வெளியே வந்தேன். ஒரு கடைகூடத் திறந்திருக்கவில்லை. முந்தின நாள் வாகனங்கள் நெருக்கியடித்த சாலையில் என் காலடியோசை எனக்கே கேட்டது. வெறுங்கையாய்த் திரும்பிய என்னைக் கண்டு, என்னை உபசரித்த வீட்டார் புன்னகையோடு தேநீர் தந்தார்கள். "ஐயா, தேநீர்க்கடைக்காரரும் ஆலயத்திற்குப் போகவேண்டுமல்லவா?" என்றார் அவ்வீட்டுத் தகப்பனார். அந்த வார்த்தை என்னைத் தைத்தது.

மிசோ மொழியில் ஞாயிற்றுக்கிழமைக்குப் பெயர் 'பதியன்னி'. 'பதியன்' என்றால் தேவன். 'நி' என்றால் நாள். திங்கட்கிழமைக்கோ, வேலை துவங்கும் நாள் என்று பொருள்படும் பெயர். 1894 ஜனவரியில் லொரெயின், சாவிட்ஜ் என்னும் இரு மிஷனரிகள் அம்மலைகளுக்கு வந்து, அம்மொழிக்கு எழுத்துவடிவம் தந்தார்கள். இன்றைக்கும் ஜனவரி 11 அம்மாநிலத்தில் 'மிஷனரி தினம்' என்னும் அரசு விடுமுறை. 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி அங்கே நூற்றுக்கு எண்பத்தேழுபேர் கிறிஸ்தவர்கள். காலையிலே ஓய்வுநாள் பாடசாலைக்குப் பிள்ளைகள் மாத்திரமல்ல, நரைத்த தலையுள்ள பாட்டிமாரும் வேதப்புத்தகத்தோடு வந்து அமர்ந்தார்கள். ஆராதனையில் மேளம் முழங்கப் பாடினார்கள். ஒருவரும் கடிகாரத்தைப் பார்க்கக் கண்டிலேன்.

அன்று பிற்பகல் அமைதியாய் அமர்ந்து உபாகமம் ஐந்தாம் அதிகாரத்தை வாசித்தேன். யாத்திராகமத்தில் ஓய்வுநாளுக்குக் காரணம் தேவனுடைய சிருஷ்டிப்பு. உபாகமத்திலோ, எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து பெற்ற விடுதலை காரணமாகச் சொல்லப்படுகிறது. ஆகவே வேலைக்காரனும் வேலைக்காரியும் எஜமானைப்போலவே இளைப்பாறவேண்டுமென்று கர்த்தர் கட்டளையிட்டார். ஓய்வு என்பது நான் பெற்றுக்கொள்ளும் சிலாக்கியம் மாத்திரமல்ல. நான் மற்றவருக்குக் கொடுக்கவேண்டிய கடனும் ஆகும். வேதாகமக் கல்லூரியில் இவ்வசனத்தைப் படித்துத் தேர்வும் எழுதியிருக்கிறேன். ஆனால் அதை அந்தக் காவலாளிச் சகோதரரோடு சேர்த்து ஒருநாளும் வாசித்ததில்லை. சூரைச்செடியின்கீழ் சோர்ந்து படுத்த எலியாவைத் தேவதூதன் கடிந்துகொள்ளவில்லை. அப்பமும் தண்ணீரும் கொடுத்து, மறுபடியும் உறங்கவிட்டான். மெல்லிய சத்தம் அதற்குப் பின்புதான் கேட்டது. தேவதூதன் உறங்கவிட்ட இடத்தில் நான் கடிந்துகொண்டேனே!

ஊர் திரும்பியதும் அச்சகோதரருடைய அறைக்குச் சென்று மன்னிப்புக் கேட்டேன். அவர் கண்ணீரோடு, "பாஸ்டர், வீட்டில் படுத்தால் கவலையில் தூக்கம் வராது, சபையில்தான் நிம்மதியாய்த் தூங்கினேன்" என்றார். என்னால் பதில் பேசக்கூடவில்லை. அவருக்கு விடுப்பு புதன்கிழமை. அதுமுதல் புதன் மாலைதோறும் சில விசுவாசிகளாக அவர் அறையில் கூடினோம். அவர் பகலெல்லாம் நன்றாய் உறங்கி எழுந்தபின்பே ஜெபம் துவங்கும்.

பிரியமானவர்களே, நம்முடைய பெருநகரங்கள் ஐஸ்வாலைப்போல் ஞாயிறன்று கதவடைப்பதில்லை. மருத்துவமனையிலும் ஓட்டலிலும் வாயிற்காவலிலும் அன்று உழைக்கிறவர்கள் குற்றவுணர்வினால் வாடவேண்டாம். உங்களுக்குக் கிடைக்கும் விடுப்பு நாளைக் கர்த்தருக்கென்று பிரித்தெடுங்கள். கைப்பேசியை அணைத்துவையுங்கள்; போதுமானமட்டும் உறங்குங்கள்; பிள்ளைகளோடு அமர்ந்து வேதம் வாசியுங்கள். ஓவர்டைம் கூலியை இழக்கிறோமே என்று அஞ்சவேண்டாம். ஆறாம் நாளில் இரட்டிப்பான மன்னாவைக் கொடுத்தவர் மாறாதவர்.

ஞாயிறன்று ஓய்ந்திருக்கிறவர்களே, உங்கள் வீட்டில் பாத்திரம் துலக்க வரும் சகோதரிக்கு அன்று விடுப்புக் கொடுங்கள், கூலியைப் பிடிக்காதிருங்கள். ஆராதனை முடிந்து வரும் வீட்டுத்தாய் தனியே அடுப்படியில் நிற்காதபடி மற்றவர்களும் கைகொடுங்கள். அந்த நாளில் உங்கள் வாசலுக்குள் இருக்கிற ஒவ்வொருவரும் இளைப்பாறும்படி, இளைப்பாறுதலின் தேவன் உங்கள் குடும்பத்தை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.