கலிங்குக்குக் குறுக்கே வலை

பச்சைமலைக்கும் செம்மலைக்கும் நடுவே கல்லாற்றை மறித்து நிற்கிற விசுவக்குடி அணைக்குப் பொறியாளர் உண்டு, பதிவேடு உண்டு, மழைக்காலத்தில் காவலுக்கு ஆளும் உண்டு. என் வேலை அதைவிடச் சின்ன தண்ணீர்களோடு. பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் சொந்தப் பட்டா நிலத்துப் பள்ளத்தில் கரை கட்டித் தேக்குகிறவர்கள், மக்காச்சோளத்துக்கும் சின்ன வெங்காயத்துக்கும் குட்டை வெட்டித் தார்ப்பாய் விரிப்பவர்கள், மீனுக்காகவே கரையை உயர்த்துபவர்கள் என்று பலர் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கரை போட்டுக் கொடுப்பதும், மழைக்கு முன்னும் பின்னும் போய்ப் பார்ப்பதும் என் தொழில். 2021-ஆம் ஆண்டின் அணைப் பாதுகாப்புச் சட்டம் 15 மீட்டருக்கு மேல் உயரமுள்ள அணைகளையும், 10 முதல் 15 மீட்டருக்குள் சில நிபந்தனைகளுக்கு உட்பட்டவற்றையும்தான் கணக்கில் எடுக்கிறது. நான் பார்க்கிற கரைகள் மூன்று மீட்டர், நான்கு மீட்டர். அவற்றுக்குச் சொந்தக்காரரின் கண்தான் சட்டம்.

அந்தக் கண் பெரும்பாலும் கரையை ஒரு பக்கமாகவும், தண்ணீருக்கு வருகிற மனிதர்களை இன்னொரு பக்கமாகவும் பார்க்கிறது. கரை உடையாமல் இருந்தால் போதும், குளிக்க வருகிறவர்களை ஒரு பலகை எழுதித் தடுத்துவிடலாம் என்று நினைக்கிறார்கள். நான் அப்படி நினைப்பதில்லை. கரைக்கு வருகிற கேடு பாதி, மனிதர்கள் அதில் புழங்குவதால் வருகிறது. மனிதர்களுக்கு வருகிற கேடு பாதி, கரையின் உறுப்புகளான மதகிலும் கலிங்கிலும் நேர்கிறது. இரண்டையும் ஒரே ஆள், ஒரே நடையில் பார்க்க வேண்டும்.

முதலில் மண். இந்தப் பக்கத்துக் கரிசல், கோடையில் கை நுழைகிற அளவுக்கு வெடித்துவிடும். ஐப்பசியில் ஒரே இரவில் பெய்து, காய்ந்த கரை மேல் தண்ணீர் ஏறும் அந்த முதல் இரண்டு மூன்று நாட்கள்தான் ஆபத்தானவை. வெடிப்பு ஊறி மூடிக்கொள்வதற்குள் தண்ணீர் உள்ளே வழி கண்டுபிடித்துவிடலாம். அந்த நாட்களில் நான் கரையின் வெளியடியில்தான் நடப்பேன். ஈரம் இருந்தால் பயமில்லை, மண் கரைக்கு ஈரம் இயல்பு. ஊற்று மாதிரி கிளம்பினால் ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து நிழலில் வைத்துவிட்டு, மற்ற வேலையைப் பார்த்துவிட்டு வருவேன். "அண்ணே, தண்ணி தெளிவாத்தானே வருது?" என்று சொந்தக்காரர் கேட்பார். ஓடுகிறபோது தெளிவாகத்தான் தெரியும். பாட்டிலின் அடியில் வண்டல் படிந்திருந்தால், கரை உள்ளுக்குள் தன் மண்ணை இழந்துகொண்டிருக்கிறது என்று பொருள்.

இந்த இடத்தில் எல்லாரும் ஒரே காரியத்தைத்தான் செய்யப் பார்க்கிறார்கள். ஒரு டிராக்டர் களிமண்ணைக் கொட்டி, வெளியே வரும் துளையை அடைக்கிறார்கள். அடைத்த தண்ணீர் நாலடி தள்ளி இன்னொரு இடத்தைப் பிய்த்துக்கொண்டு வரும். செய்ய வேண்டியது நேர் எதிர். ஊற்றின் மேல் முதலில் மணல், அதன் மேல் பொடிஜல்லி, அதன் மேல் கருங்கல் என்று பரப்ப வேண்டும். தண்ணீர் வெளியேறட்டும், மண் மட்டும் நிற்கட்டும். கூடவே மதகைக் கொஞ்சமாகத் திறந்து, தேக்கத்தை மெல்ல இறக்க வேண்டும். மெல்ல என்பது முக்கியம். மீன் பிடிப்பதற்காக நாலு மோட்டார் போட்டு இரண்டே நாளில் வடிக்கிறார்களே, அப்போது உள்சரிவில் ஊறியிருக்கும் களிமண்ணுக்கு முட்டுக்கொடுக்கத் தண்ணீர் இல்லாமல் போகிறது. கரையின் உட்புறம் பாளம் பாளமாகச் சரிந்து விழும். தண்ணீர் நிறைந்திருக்கும்போது மட்டும்தான் கரைக்கு ஆபத்து என்று நினைப்பது தப்பு.

சீமைக் கருவேலத்தின் வேர், நண்டு வளை, பெருச்சாளி வளை எல்லாம் பழைய விரோதிகள், அவற்றை விவசாயிகளுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. புதிதாக வந்திருப்பது பைக். விடுமுறை நாளில் பையன்கள் கரையின் மேல் வண்டியை ஏற்றி, ஒரே இடத்தில் ஏறி இறங்கித் தடம் போடுகிறார்கள். அந்தத் தடத்தில் கரை அரை அடி தாழ்ந்துவிடும். வெள்ளம் கரை முழுவதையும் தேடிப் பார்க்காது, தாழ்ந்த அந்த அரை அடி அதற்குப் போதும்.

கரையின் உயிர் கலிங்கில் இருக்கிறது. வருகிற வெள்ளம் கரையைத் தாண்டாமல் வழிந்து போக விட்ட வாசல் அது. அதன் குறுக்கே மீன் குத்தகைக்காரர்கள் வலை கட்டுகிறார்கள். குஞ்சு விட்டு வளர்த்த கட்லாவும் ரோகுவும் வெள்ளத்தோடு போய்விடக் கூடாதே என்கிற கவலை, அது நியாயமான கவலைதான். ஆனால் முதல் வெள்ளத்தில் வருவது தண்ணீர் மட்டுமா? மக்காச்சோளத் தட்டை, முள், பிளாஸ்டிக் பை என்று எல்லாம் வந்து வலையில் அப்பிக்கொள்ளும். ஒரு மணி நேரத்தில் வலை சுவராகிவிடும். அதற்கு மேல் இன்னும் ஒரு முழம் தேங்கட்டும் என்று மணல் மூட்டை அடுக்குகிறவர்களும் உண்டு.

இதை நான் எங்கே போனாலும் ஒரு கதையோடு சொல்வேன். அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தில் சவுத் ஃபோர்க் என்று ஒரு மண் அணை, 72 அடி உயரம். பணக்காரர்களின் மீன்பிடி, வேட்டைக் கழகம் ஒன்று அதை வாங்கித் தன் உல்லாச ஏரியாக வைத்திருந்தது. அடியில் தண்ணீர் வடிக்கும் இரும்புக் குழாய்களை முன்பிருந்த உரிமையாளரே பெயர்த்து விற்றிருந்தார், கழகம் அவற்றைத் திரும்பப் போடவில்லை. குதிரை வண்டி போவதற்காகக் கரையின் உச்சியைச் செதுக்கித் தாழ்த்தினார்கள். மீன் தப்பாமல் இருக்க வழிந்தோடும் வாய்க்காலில் வலைத் தடுப்பு வைத்தார்கள். 1889 மே 31 அன்று பெருமழையில் தடுப்பில் குப்பை அடைத்தது, தண்ணீர் கரையைத் தாண்டியது, அணை போனது. கீழே இருந்த ஜான்ஸ்டவுன் நகரில் 2,209 பேர் இறந்தார்கள். தாழ்ந்த உச்சி, அடைபட்ட கலிங்கு, திறக்க முடியாத மதகு என்ற அந்த மூன்றையும் நம் ஊரில் ஒரே கரையில் சேர்த்துப் பார்த்திருக்கிறேன். நம் கரை சின்னது, தண்ணீர் கொஞ்சம், உண்மைதான். ஆனால் அதன் கீழே களத்து மேட்டில் படுத்திருக்கும் குடும்பமும் சின்னதுதான்.

இனி மனிதர்கள். கரையில் நிழல் இல்லாவிட்டாலும், குளிக்க வருகிறவர்கள் நேராக மதகுக்குத்தான் போவார்கள். அங்கே சிமெண்டுத் திண்டு இருக்கும், உட்காரலாம், குதிக்கலாம். ஆழமும் அங்கேதான். பத்தடி ஆழத்தில் ஒரு சதுர அடித் துளை திறந்திருந்தால், அதை மூடுகிற பொருளின் மேல் தண்ணீர் ஏறக்குறைய 280 கிலோ எடையோடு அழுத்தும். காலோ முதுகோ அதில் ஒட்டிக்கொண்டால் நாலு பேர் இழுத்தாலும் வராது. பழைய ஏரிகளில் முங்கிப்போய்த் தூம்பைத் திறந்த மடையர்கள் உயிரைப் பணயம் வைத்தது இந்த அழுத்தத்தோடுதான். அதனால் நான் வைக்கிற மதகில் வாய்க்கு முன்னால் இரும்புக் கம்பிக் கூடு ஒன்று, துளையைவிடப் பல மடங்கு அகலமாக, கட்டாயம் இருக்கும். ஷட்டர் திறந்திருக்கும் நாளில் திண்டின் மேல் முள் போட்டு வைக்கச் சொல்வேன்.

தார்ப்பாய் விரித்த குட்டை வேறு வகை. பார்க்க நீச்சல் குளம், ஆனால் பாசி பிடித்த சரிவில் நீச்சல் தெரிந்தவர்கூட ஏற முடியாது. நாலு பக்கமும் முளை அடித்து, அடிக்கொரு முடிச்சுப் போட்ட கயிறு தண்ணீருக்குள் தொங்க வேண்டும். செலவு சில நூறு ரூபாய். அரியலூர்ப் பக்கம் சிமெண்டுக்காகச் சுண்ணாம்புக்கல் வெட்டிய பள்ளங்களில் நிற்கும் நீலத் தண்ணீரைப் பற்றிக் கேட்டால் என் பதில் ஒன்றுதான்: இறங்கவே வேண்டாம். படிப்படியாக வெட்டிய பாறை அது, முழங்கால் தண்ணீரில் நிற்கிறவருக்கு அடுத்த எட்டில் தரையே இருக்காது.

மற்ற இடங்களில் வேண்டாம் என்று சொல்வதால் ஒன்றும் நடக்காது என்பது என் அனுபவம். முன்பு இங்கே பிள்ளைகள் கிணற்றில் நீச்சல் பழகினார்கள். முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டித் தாய்மாமன் தள்ளிவிடுவார். ஆழ்துளைக் கிணறு வந்து அந்தக் கிணறுகள் வற்றின, நீச்சல் தெரியாத தலைமுறை ஒன்று வளர்ந்துவிட்டது. பொங்கலுக்கும் ஆடிப்பெருக்குக்கும் ஊருக்கு வருகிறபோது அவர்களுக்குத் தண்ணீர் மேல் ஆசை இருக்கிறது, அதில் தப்பே இல்லை. வெயிலில் காய்கிற ஊரில் பிள்ளைகள் தண்ணீரில் விளையாடத்தான் வேண்டும். அதனால் கரை போட்டுக் கொடுக்கும்போதே ஓர் இறங்குதுறையும் போட்டுக் கொடுக்கிறேன். மதகுக்கும் கலிங்குக்கும் தூரமாக, ஏரி உள்வாயில் நிலம் தானாகவே மெல்லச் சரியும் பக்கம். கரிசல் சேறு காலைப் பிடிக்கும் என்பதால் செம்மண் சரளை கொட்டி இறுக்க வேண்டும். எட்டு வயதுப் பிள்ளையின் இடுப்பளவு ஆழத்தில் சிவப்பு அடித்த தூண்கள், அவற்றை இணைத்துக் கயிறு, கயிற்றில் காலி கேன்கள். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. மாசி, பங்குனியில் தண்ணீர் இறங்க இறங்க இடுப்பளவு ஆழமும் உள்ளே நகர்ந்துகொண்டே போகும். ஒரே வரிசைத் தூண் போதாது. மூன்று வரிசை நட்டு, கயிற்றை மட்டும் மாற்றிக் கட்ட வேண்டும். சரளையையும் கடைசி வரிசை வரை கொண்டுபோக வேண்டும்.

துறை அருகே நீள மூங்கில் ஒன்றும், கயிறு கட்டிய கேன் ஒன்றும் தொங்க வேண்டும். இந்த மாவட்டங்களில் ஒருவர் மூழ்கினால், காப்பாற்றக் குதித்த இன்னொருவரும் சேர்ந்தே போகிற செய்தியைத்தான் அடிக்கடி படிக்கிறோம். கரையிலிருந்தே நீட்டு, எறி, குதிக்காதே என்று பிள்ளைகளிடம் சொல்லிப் பழக்குகிறேன். தூக்கி வெளியே போட்டவரைத் தலைகீழாகச் சுற்றுவதும் வயிற்றை அமுக்குவதும் வேண்டாம். மூச்சு இல்லையென்றால் உடனே வாயில் மூச்சு ஊத வேண்டும், மார்பை அழுத்த வேண்டும், 108-க்குச் சொல்ல வேண்டும்.

மீன் குத்தகைப் பத்திரம் எழுதும்போது இப்போதெல்லாம் நானும் கூட உட்காருகிறேன். கலிங்குக்குக் குறுக்கே வலை கூடாது, மீன் தப்பாமலிருக்க வலை வேண்டுமானால் கலிங்குக்குப் பல அடி முன்னால் உள்வாயில் அகலமாக வளைத்துக் கட்டி, மழை நாளில் ஆள் வைத்துக் குப்பை அள்ள வேண்டும், ஒரே மூச்சில் வடிக்கக் கூடாது, துறைக் கயிற்றை மாற்றிக் கட்டுவது குத்தகைக்காரர் பொறுப்பு என்று எழுதுகிறோம். தினமும் தண்ணீரைப் பார்க்கிறவர் அவர்தான் என்பதால், கடைசி நிபந்தனைக்காக வருடக் குத்தகையில் கொஞ்சம் குறைத்துக்கொள்ளச் சொந்தக்காரரிடம் பேசி வைக்கிறேன். பெரும்பாலும் சம்மதிக்கிறார்கள்.