கோப்பிப் பாணி

கடந்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பெங்களூரிலிருந்து அக்காவின் பேத்தி தொலைபேசியில் அழைத்தாள். நலம் விசாரிப்பு அரை நிமிடத்தில் முடிந்தது.

"சின்னத் தாத்தா, காபி சிரப் செய்து பார்த்தேன். வாயில் வைக்க முடியவில்லை, அப்படிக் கசக்கிறது. பாட்டி செய்தது போல வரவே இல்லை. பாட்டி உங்களிடம் ஏதாவது சொல்லியிருக்கிறாரா?"

அக்கா காலமாகி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. இப்போது இதைக் கேட்பதற்கு அவளுக்கு நான்தான் மிஞ்சியிருக்கிறேன்.

எப்படிச் செய்தாய் என்று விசாரித்தேன். வழக்கமாகக் குடிக்கும் அளவில் டிகாக்ஷன் இறக்கியிருக்கிறாள். அது கெட்டியாக வேண்டும் என்பதற்காக முக்கால் மணி நேரம் அடுப்பில் வைத்துக் காய்ச்சிச் சுண்ட வைத்திருக்கிறாள். பிறகு சர்க்கரை சேர்த்திருக்கிறாள். தவறு எங்கே என்று எனக்குப் புரிந்துவிட்டது. ஆனால் அந்தத் தவறைச் சொல்வதற்கு முன்னால் அவளிடம் வேறொரு கதையைச் சொல்ல வேண்டியிருந்தது. அவளிடம் சொன்னதையே இங்கும் எழுதுகிறேன்.

அவள் சிரப் என்கிறாள். நாங்கள் பாணி என்போம். இலங்கையில் கித்துள் பாணியை அறியாதவர் இல்லை. அதே வழக்கில் இது கோப்பிப் பாணி. ஒரு போத்தல் செய்து வைத்தால் சுடுநீரிலோ பாலிலோ இரண்டு கரண்டி விட்டுக் கலக்கினால் போதும், கோப்பி தயார். அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் இதே பாணியைப் பாலில் கலந்து குடிக்கிறார்கள். 1993ஆம் ஆண்டில் அதைத் தங்கள் மாநிலத்தின் அதிகாரபூர்வப் பானமாகவே அறிவித்துவிட்டார்கள். எங்கள் அம்மாவுக்கு இதெல்லாம் தெரியாது. அம்மாவின் தகப்பனார் ஒரு தோட்டத்துத் துரையின் பங்களாவில் சமையல் வேலை பார்த்தவர். கிளாஸ்கோ நகரத்து நிறுவனமொன்று 1876 முதல் விற்றுவந்த 'காம்ப் கோப்பி' என்ற கோப்பிச் சாறு அந்தப் பங்களாவில் போத்தல் போத்தலாக இருந்ததாம். சிக்கரியும் சீனியும் சேர்ந்த அந்தச் சாற்றைப் பார்த்து, லயத்துக் கோப்பியில் தாமே ஒன்றைச் செய்யப் பழகியிருக்கிறார் தாத்தா. அவரிடமிருந்து அம்மாவுக்கு வந்தது.

ஹட்டனுக்கு அப்பால் நாங்கள் இருந்த தோட்டத்தில், லயத்தின் பின்புறம், கோழிக்கூட்டுக்கும் கானுக்கும் இடையில் நான்கு கோப்பிச் செடிகள் நின்றன. யாரும் நட்டதாக ஞாபகம் இல்லை. தேயிலைத் தோட்டத்தில் கோப்பி எப்படி வந்தது என்று இளையவர்கள் கேட்பதுண்டு. கோப்பிதான் முதலில் வந்தது. 1820களில் கம்பளைக்கு அருகே சிங்கபிட்டியவில் ஜோர்ஜ் பேர்ட் கோப்பி பயிரிட்டார். ஆளுநர் எட்வர்ட் பான்ஸ் அதை ஊக்குவித்தார். அந்தத் தோட்டங்களுக்காகவே தமிழ்நாட்டிலிருந்து எங்கள் முன்னோர்கள் அழைத்து வரப்பட்டார்கள். மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை வரை நடந்தார்கள். வாந்திபேதியும் காய்ச்சலும் பட்டினியும் வழியிலேயே பலரைக் கொண்டுபோயின. 2023ஆம் ஆண்டில், மலையக மக்கள் வந்து 200 ஆண்டுகள் நிறைந்ததை நினைவுகூர்ந்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு ஒரு நடைபயணம் சென்றது. இந்தப் பாதையின் ஞாபகம்தான் அது.

கோப்பி பருவ காலப் பயிர். பழம் பறித்து முடிந்ததும் பலர் ஊர் திரும்பினார்கள். 1867இல் கண்டி வரை ரயில் வந்தது கோப்பி மூட்டைகளுக்காக. அதே ஆண்டில் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். இரண்டு ஆண்டுகள் கழித்து, 1869இல், கோப்பி இலைகளில் துரு நோய் கண்டது. ஆபிரகாம் ஜோசப் எழுதிய 'கோப்பிக் கிருஷிக் கும்மி' என்ற நூல் வெளிவந்ததும் அதே 1869இல்தான். கோப்பி வேளாண்மையைக் கும்மியாகப் பாடிய அந்த நூல் அச்சேறிய ஆண்டிலேயே அந்த வேளாண்மைக்கு முடிவு தொடங்கிவிட்டது. அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் மலைகள் தேயிலைக்கு மாறின. தேயிலையில் ஆண்டு முழுவதும் கொழுந்து எடுக்க வேண்டும். ஆகவே வந்தவர்கள் லயங்களிலேயே தங்கிப்போனார்கள். கோப்பி, கான் ஓரத்தில் நான்கு செடியாக எஞ்சியது.

அந்த நான்கு செடிகளின் பழத்தை அம்மா சாக்கில் காயவைத்து, உரலில் இட்டுத் தோல் நீக்கி, புடைத்து, மண்சட்டியில் வறுப்பார். அன்றாடக் கோப்பிக்குக் கொத்தமல்லியும் சுக்கும் சேர்த்து வறுத்து இடிப்பது எங்கள் பக்கத்து வழக்கம். பாணிக்கு மட்டும் வெறும் கோப்பிக்கொட்டை. தூளும் மாவாக இருக்கக்கூடாது, குறுணியாக இருக்க வேண்டும். ஒரு பானையின் வாயில் வெள்ளைத் துணியைக் கட்டி, அதன்மேல் தூளைப் பரப்பி, கொதிநீரை அகப்பை அகப்பையாக ஊற்றி மூடிவைப்பார். கீழே இறங்குவது தார் போல இருக்கும். அதைத் தனியே எடுத்து வைத்துவிட்டு, அதே தூளில் இன்னொரு முறை கொதிநீர் விடுவார். இரண்டாவதாக இறங்கும் மெல்லிய சாற்றில்தான் சீனியைப் போட்டுக் காய்ச்சுவார். பாகு பதம் வந்து, அடுப்பிலிருந்து இறக்கி, சூடு சற்றுத் தணிந்த பிறகே முதல் சாற்றை அதில் கலப்பார். முதல் சாறு அடுப்பைப் பார்க்கவே கூடாது என்பது அம்மாவின் சட்டம்.

இனி 1974ஆம் ஆண்டுக்கு வருகிறேன்.

1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் குடியுரிமை இழந்தவர்கள் நாங்கள். 1964 ஒக்டோபரில் கையெழுத்தான சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கணக்கிட்டது. அவர்களில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. இந்த எண்களைப் பத்திரிகையில் எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன். எங்கள் வீட்டுக் கணக்கு எளியது. அப்பா இலங்கைக்கு விண்ணப்பித்தார். அக்காவின் கணவர் வீட்டார் இந்தியாவுக்கு விண்ணப்பித்தார்கள். அக்கா இரண்டு வயதுக் குழந்தையுடன் புறப்பட வேண்டியதாயிற்று.

அது தோட்டங்களில் பஞ்ச காலம். சீனி கூப்பனுக்கு அளந்து கிடைத்தது. அரை இறாத்தல் தூளுக்கு ஏறக்குறைய இரண்டு இறாத்தல் சீனி வேண்டும். மூன்று வாரம் எல்லோரும் சீனியில்லாமல் சாயத் தண்ணீர் குடித்தும் அம்மாவால் ஒரு இறாத்தல்கூடச் சேர்க்க முடியவில்லை. இருந்ததைப் போட்டுக் காய்ச்சி, ஒரு போத்தலில் ஊற்றி, தக்கை அடைத்து, துணி சுற்றிக் கொடுத்தார். "வழியில சுடுதண்ணி எங்கயும் கெடைக்கும். இத ரெண்டு கரண்டி விட்டுக்க" என்றார்.

ஹட்டன் ரயில் நிலையத்தில் அன்று அழாதவர்கள் இல்லை. ரயில் நகரும்போது அக்கா அந்தப் போத்தலை மடியில் வைத்திருந்ததைப் பார்த்தேன். பொல்காவலையில் மாறி, தலைமன்னார் போய், அங்கிருந்து கப்பலில் இராமேஸ்வரம். எந்தக் கரையில் கோப்பிக்காக வந்து இறங்கினார்களோ அதே கரை வழியாகத் திரும்பினார்கள், ஒரு போத்தல் கோப்பியோடு.

அம்மாவுக்கு எழுத்து வராது. கடிதங்களை அவர் சொல்லச் சொல்ல எழுதியவன் நான். முதல் கடிதத்தில் அம்மா கேட்டது குழந்தையின் உடம்பைப் பற்றி. அடுத்து, பாணி நன்றாக இருந்ததா என்று. பதில் வந்தது: கடைசிச் சொட்டு வரை நன்றாக இருந்தது, கப்பலில் குழந்தைக்குக்கூடப் பாலில் ஒரு துளி கலந்து கொடுத்தேன். அதை இரண்டு முறை உரக்கப் படிக்கச் சொன்னார் அம்மா. படித்தேன்.

இருபத்திரண்டு ஆண்டுகள் கழித்து, 1996இல், தமிழ்நாட்டுக்குச் சென்ற வேளையில் கோத்தகிரியில் அக்காவைப் பார்த்தேன். தாயகம் திரும்பியோருக்காகத் தமிழ்நாடு அரசு நீலகிரியில் உருவாக்கிய தேயிலைத் தோட்டமொன்றில் அவருக்கு வேலை. அங்கும் அதே கொழுந்து, அதே பனி. வீட்டின் பின்னால் இரண்டு கோப்பிச் செடிகளும் இருந்தன. இரவு கோப்பி கலந்து கொடுத்துவிட்டு அக்கா சொன்னார்:

"தம்பி, அம்மாகிட்ட சொல்லிறாத. அந்தப் பாணிய நாங்க குடிக்கவே இல்ல. கப்பல்ல எல்லாருக்கும் வாந்தி. மண்டபத்துல முகாம்ல நாலு நாளு கழிச்சுத்தான் தெறந்தேன். தக்கை வெடிச்ச மாதிரி வந்துச்சு. நொரையா நொரை, கள்ளு வாசம். ஊத்தவும் மனசு வரல. போத்தலக் கட்டிப் புடிச்சிக்கிட்டு உக்காந்திருந்தேன். அப்புறம் ராத்திரி கடற்கரையில ஊத்திட்டு வந்தேன்."

சீனி குறைந்த பாணி அது. மலைக் குளிரில் ஒரு வாரம் தாங்கியிருக்கும். மண்டபத்து வெக்கையில் புளித்துவிட்டது. பாணியில் சீனி இனிப்புக்காக மட்டும் சேர்வதில்லை. போதிய சீனி இருந்தால் அது தண்ணீரைத் தன்னோடு இறுக்கிக்கொண்டு, நொதி உயிர்கள் வளர இடம் கொடாது. குறைந்தால் அதே சீனி அவற்றுக்கு உணவாகிவிடும்.

ஊர் திரும்பியதும் அம்மாவிடம் எல்லாம் சொன்னேன், இதைத் தவிர. உண்மையை மறைக்காதே என்று இளைய நிருபர்களுக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்த காலம் அது. அம்மா இஸ்தோப்பில் கோப்பிக்கொட்டை பொறுக்கிக்கொண்டிருந்தார். அக்கா வீட்டிலும் கோப்பிச் செடி இருக்கிறதென்று சொன்னபோது சிரித்தார். சற்று நேரம் கழித்து, தலை நிமிராமலே கேட்டார்:

"அந்தப் பாணியப் பத்தி ஏதும் சொன்னாளா?"

"நல்லா இருந்துச்சின்னு சொன்னாங்கம்மா."

"பத்தாத சீனியில காச்சினது. மூணு நாளு தாங்கியிருக்காது. ஊத்தும்போதே எனக்குத் தெரியும். வேற என்னத்தக் குடுக்கிறது?"

அப்புறம் அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. 2003இல் காலமானார். அக்காவிடமும் நான் இதைச் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று இப்போது யோசித்தால் சரியான பதில் கிடைக்கவில்லை. கடைசிச் சொட்டு வரை நன்றாக இருந்தது என்று எழுதியவரும், அதை இரண்டு முறை படிக்கச் சொன்னவரும் இல்லாத இந்த நாளில், கேட்டவளிடம் சொல்லிவிட்டேன். தொலைபேசியின் மறுமுனையில் சிறிது நேரம் பேச்சில்லை.

பிறகு, அம்மாவிடம் கேட்டு என் குறிப்புப் புத்தகத்தில் எழுதி வைத்திருந்த அளவை, இன்றைய நிறுவைக்கு மாற்றிச் சொன்னேன். வாசகர்களுக்கும் உதவலாம்.

தூள் 200 கிராம், நடுத்தரமாக வறுத்துச் சற்றுக் குறுணியாக அரைத்தது. கொதிநீர் 700 மில்லிலீட்டரை மெதுவாக, பல தடவையாக ஊற்ற வேண்டும். தூள் தன் எடையைப் போல் இரு மடங்கு நீரைக் குடித்துவிடும். ஆகவே இறங்குவது 300 மில்லிலீட்டர் அளவுதான். இது முதல் சாறு. மூடி வைத்துவிடுங்கள். அதே தூளில் 500 மில்லிலீட்டர் கொதிநீர் விட்டு இரண்டாம் சாற்றை இறக்கி, ஒரு கிலோ சீனியும் ஒரு சிட்டிகை உப்பும் போட்டு, சிறு தீயில் கால் பங்குக்கு மேல் வற்றும்வரை காய்ச்சுங்கள். இறக்கி, கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் முதல் சாற்றைக் கலந்து, கொதிநீரில் கழுவி நன்றாக உலர்த்திய போத்தலில் ஊற்றுங்கள். ஒன்றேகால் லீட்டர் அளவு கிடைக்கும். குளிர்சாதனப் பெட்டியில் ஒரு மாதம் இருக்கும்.

பேத்தி செய்த தவறும் இதிலிருந்தே விளங்கும். கோப்பியின் கனம் தூளின் அளவிலிருந்து வர வேண்டும். அடுப்பில் நின்ற நேரத்திலிருந்து அது வராது. தூளின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு நீரில் கரைந்து வரும்போது சுவை சரியாக இருக்கும். அதற்கு மேல் வருவது பெரும்பாலும் கசப்பு. இறங்கிய சாற்றைக் காய்ச்சினாலோ வாசனை ஆவியோடு போய்விடும், கசப்பு மட்டும் திரளும்.

இன்னொன்று. கோப்பிக்கு 90 முதல் 96 பாகை வரையான சூடு பொருத்தம். 4,000 அடிக்கு மேலிருக்கும் ஹட்டன் பக்கத்தில் தண்ணீர் 96 பாகையிலேயே கொதித்துவிடும். நுவரெலியாவிலும் கோத்தகிரியிலும் 94 பாகை. ஆகவே அம்மாவும் அக்காவும் கொதித்த நீரை அப்படியே ஊற்றினார்கள், சரியாக வந்தது. பெங்களூர் அவ்வளவு உயரமில்லை. அங்கே கொதித்த பின் அரை நிமிடம் பொறுக்க வேண்டும். கொழும்பிலும் சென்னையிலும் ஒரு நிமிடம்.

எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு கடைசியில் அவள் கேட்டாள்: "ஒரு கிலோ சர்க்கரை அதிகமில்லையா சின்னத் தாத்தா? பாதியாகக் குறைத்துக்கொள்ளட்டுமா?"

"குடிக்கும்போது ஒரு கரண்டி குறைத்து விட்டுக்கொள்" என்றேன். "போத்தலில் குறைக்காதே."