எல்லாப் பழியும் புராஸ்டேட்டுக்கே

அறுபதைத் தாண்டியவர் "அடிக்கடி யூரின் போகுது டாக்டர்" என்று வந்து உட்கார்ந்தால் உடனே ஸ்கேன். ரிப்போர்ட்டில் புராஸ்டேட் 40 கிராம் என்று வரும். அதோடு வழக்கு முடிந்துவிடுகிறது. பத்து வருஷமாக அவருக்குச் சுகர் இருப்பதை யாரும் விசாரிப்பதில்லை.

*

ஐ.சி.எம்.ஆர். ஆய்வு 2023இல் சொன்ன கணக்குப்படி இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் 10 கோடிக்கும் மேல். புராஸ்டேட் வளர்ச்சியோ அறுபது வயதில் ஏறக்குறைய பாதி ஆண்களுக்கு உண்டு. இரண்டும் ஒரே உடம்பில் இருப்பது அபூர்வமே இல்லை. அபூர்வம், இரண்டையும் சேர்த்துப் பார்க்கிற கண்.

*

இளைஞனுக்குப் புராஸ்டேட் சுமார் 20 கிராம். அளவுக்கும் தொல்லைக்கும் நேர்க்கணக்குக் கிடையாது. 80 கிராமோடு நிம்மதியாகத் தூங்குகிறவர் உண்டு; 30 கிராமில் யூரின் அடைத்து ட்யூப் போட்டவரும் உண்டு. வாக்கிங் முடித்துப் பார்க் பெஞ்சில் உட்காரும் பெரியவர்கள் "உங்களுக்கு எத்தனை கிராம்?" என்று விசாரித்துக்கொள்வதைக் கேட்டிருக்கிறேன். வீண் பேச்சு.

*

ரத்தத்தில் சர்க்கரை சுமார் 180ஐத் தாண்டினால் சிறுநீரகத்தால் அத்தனையையும் திருப்பி எடுக்க முடியாது. மிச்சம் சிறுநீரில் இறங்கும்; இறங்கும்போது தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகும். அப்போது ஆள் அடிக்கடியும் போவார், ஒவ்வொரு தடவையும் நிறையவும் போவார். புராஸ்டேட் தொல்லையில் அடிக்கடி போனாலும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான். நாம் "எத்தனை தடவை" என்று கேட்கிறோம். "எவ்வளவு" என்று கேட்பதே இல்லை.

கேட்க வழி எளிது. கோடு போட்ட பிளாஸ்டிக் குவளை ஒன்று, நோட்டு ஒன்று. மூன்று நாள், போன நேரமும் மில்லி அளவும் எழுதிவரச் சொன்னால் போதும். முகம் சுளிப்பார்கள். ஆனால் பல ஸ்கேன்கள் சொல்லாததை அந்த நோட்டு சொல்லிவிடும். ஒரு நாள் மொத்தம் 3 லிட்டரைத் தாண்டினால் புராஸ்டேட்டை விட்டுவிட்டுச் சுகரைத் தேட வேண்டும். மொத்தம் சரியாக இருந்து, அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இரவிலேயே போனால் தேட வேண்டிய இடம் வேறு: சாயங்காலம் வீங்குகிற கால், குறட்டையும் தூக்கத்தில் மூச்சு நிற்பதும், ராத்திரி ஒன்பது மணிக் காபி.

*

நாள்பட்ட சுகரில் பாதம் மரத்துப்போவது எல்லாருக்கும் தெரியும். சிறுநீர்ப்பையின் நரம்புகளும் அப்படி மரக்கும் என்பது தெரிந்தவர் குறைவு. சாதாரணமாக 400, 500 மில்லி சேர்ந்தாலே முட்டும். மரத்துப்போனால் அதையும் தாண்டி நிரம்பிக்கொண்டே போகும், ஆளுக்கு உறைக்காது. விரிந்து விரிந்து பையின் தசை வலுவிழக்கும். போய்விட்டு வந்த பிறகும் உள்ளே நிறையத் தங்கும். தங்கிய நீரில் கிருமி பெருகும். காய்ச்சல், எரிச்சல், மறுபடி ஆன்டிபயாட்டிக்.

ஆரம்பக் கட்டத்தில் கதை நேரெதிராகவும் இருக்கும். பை அவசரப்படும், பாத்ரூம் கதவைத் திறப்பதற்குள் நனைந்துவிடும்.

ஆக, தாரை மெலிவது, முக்குவது, போயும் போகாத மாதிரி இருப்பது எல்லாம் அடைப்பாலும் வரும், தசை தளர்ந்தாலும் வரும். நோயாளிக்கு வித்தியாசம் தெரிய வழியில்லை. கேள்விகள் ஏழு வைத்து 35க்கு மார்க் போடுகிற தாள் ஒன்று இருக்கிறது. 20 அல்லது அதற்கு மேல் வாங்கினால் கடுமை என்று கணக்கு. அது வேதனையின் அளவைச் சொல்லும், காரணத்தைச் சொல்லாது. மரத்த பைக்காரர் அதில் குறைந்த மார்க் வாங்கித் தப்பித்துவிடவும் கூடும்.

*

மோட்டார் வலுவிழந்த வீட்டில் பைப்பை மட்டும் மாற்றினால் மாடிக்குத் தண்ணீர் ஏறுமா? பை தளர்ந்தவருக்குப் புராஸ்டேட்டை மட்டும் சுரண்டி எடுப்பதும் அப்படித்தான். ஆபரேஷன் சரியாகத்தான் நடந்திருக்கும், தாரை மட்டும் தேறாது. பழி சர்ஜன் தலையில். நெடுநாள் சுகரும், உள்ளே மீதியும் அதிகமாக இருப்பவர், பையின் அழுத்தத்தை அளக்கும் யூரோடைனமிக்ஸ் சோதனை தனக்குத் தேவையா என்று கத்தி வைப்பதற்கு முன்பே கேட்டுவிடலாம்.

*

மாத்திரைகள். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் ஆகியவை சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றுபவை. இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் நல்லது செய்பவை. ஆனால் யூரின் கூடும், குறிப்பாக ஆரம்பத்தில். நோயாளி சுகர் டாக்டரிடம் புராஸ்டேட்டைப் பற்றிச் சொல்லியிருக்க மாட்டார். யூராலஜிஸ்டிடம் புது மாத்திரையைக் காட்டியிருக்க மாட்டார். விளைவு, புராஸ்டேட்டுக்கு இன்னொரு மாத்திரை கூடும். (தானாக நிறுத்தவும் கூடாது. காலையில் போடலாமா என்று கேட்டுக்கொள்ளலாம்.)

புராஸ்டேட்டுக்குத் தரும் டாம்சுலோசினைப் போட்டுவிட்டு எழுந்தால் சிலருக்குத் தலை சுற்றும். சுகரால் நரம்பு கெட்டவருக்கு ரத்த அழுத்தம் ஏற்கெனவே எழுந்தவுடன் இறங்கும். இரண்டும் சேர்ந்தால் ராத்திரி பாத்ரூம் வாசலில் விழுந்து இடுப்பெலும்பு போகும். கட்டில் விளிம்பில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு எழ வேண்டும்.

பாத எரிச்சலுக்கு எழுதித் தரும் அமிட்ரிப்டிலின் யூரினைக் கட்டும். மெடிக்கல் ஷாப்பில் "ஜலதோஷத்துக்கு ஒண்ணு குடுங்க" என்று வாங்கும் மாத்திரைகளில் பலவும் அப்படியே. சளி தீர்வதற்குள் ட்யூப் போட வேண்டி வந்தவர்கள் உண்டு.

*

பஸ் பயணம் என்றால் முந்தின நாளே தண்ணீரைக் குறைத்துவிடுகிறார்கள். பஸ் ஸ்டாண்ட் கழிப்பறைகளைப் பார்த்தவர் யாரும் அவர்களைத் திட்ட மாட்டார். ஆனாலும் சுகர் ஏறியிருக்கும்போது தண்ணீரையும் நிறுத்துவது ஆபத்து. பகலில் குடித்து, படுப்பதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்னால் குறைத்தால் போதும்.

*

கிரியாட்டினின் ஏறினால் "சுகர் கிட்னியைப் பிடிச்சிருச்சு" என்று வீட்டில் தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். இங்கே தவறு தலைகீழ். வெளியேறாத நீர் பின்னால் அழுத்தி, வலியே இல்லாமல் சிறுநீரகத்தை வீங்க வைத்திருக்கலாம். அப்படிப்பட்டவருக்கு ட்யூப் போட்டு நீரை இறக்கினால் கிரியாட்டினினும் இறங்கும். சுகரால் கெட்ட கிட்னிக்கு அந்த வாய்ப்பு இல்லை.

எனவே சுகரும் புராஸ்டேட்டும் உள்ளவர்கள் அடுத்த ஸ்கேனில் கிராமைப் பார்ப்பதற்கு முன், யூரின் போன பிறகு உள்ளே எத்தனை மில்லி மீதி என்று பாருங்கள். முட்ட முட்டத் தண்ணீர் குடிக்க வைத்து, அடக்கி உட்கார வைத்து எடுத்த அளவு கூடுதலாகக் காட்டும். சாதாரணமாக யூரின் வரும்போது போய்விட்டு வந்து, உடனே அளக்கச் சொல்லுங்கள்.