மருமகள் கேட்ட பன்றிக்கறி

பன்றிக்கறியா என்று முகத்தைச் சுளிக்காதீர்கள், சகோதரிகளே! எங்கள் வீட்டிலும் அது நுழைந்ததில்லைதான். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் என் மகன் அங்கேயே ஒரு சீனப் பெண்ணை மணந்து, கோவைக்கு அழைத்து வந்தான். பாவம், நாலு நாளாக ரசஞ்சாதத்தைக் கொறித்துக்கொண்டிருந்தாள். "என்ன வேணும் கண்ணு?" என்று நான் நச்சரித்த பிறகே, "சார் சியூ" என்றாள். முள்ளில் குத்திச் சுட்ட பன்றிக்கறியாம்!

"அந்த வாடை அடிச்சா நான் பொள்ளாச்சிக்கு மக வூட்டுக்குப் போயிருவேன்" என்றார் என் மாமியார்.

செய்முறையை விசாரித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அன்னாசிப்பூ, பட்டை, கிராம்பு, சோம்பு - சீனரின் ஐந்து மசாலாவில் நாலு நம் வீட்டுச் சரக்கு! ஐந்தாவதான சிச்சுவான் மிளகுக்குப் பதில் நம் மிளகையே பொடித்தேன். ஒரு கிலோ தோள்கறியை நீளவாட்டில் அரிந்து, இந்தப் பொடி, சோயா சாஸ், பூண்டு, சர்க்கரை சேர்த்துப் பிசறி, இரவெல்லாம் பிரிட்ஜில் ஊறவிட்டேன்.

முதல் தடவை, மின்சார ஓவனில் வைக்கும்போதே தேனைத் தாராளமாகப் பூசிவிட்டேன். வெளியே கரி, உள்ளே பச்சை! மறுபடி கறி வாங்கி ஊறவைத்தேன். கம்பித் தட்டின் அடியில் தண்ணீர்த் தட்டு வைத்து, 200 டிகிரியில் 40 நிமிஷம். தேன் கடைசிப் பத்து நிமிஷத்தில்தான். நடுத்துண்டை வெட்டிப் பார்த்துவிடுங்கள். அரைவேக்காட்டுக் கறியில் நாடாப்புழு பயம் உண்டு.

முதல் துண்டிலேயே மருமகளின் கண் கலங்கிவிட்டது. பொள்ளாச்சிக்குப் போகாத மாமியார் திண்ணையிலிருந்து குரல் கொடுத்தார்:

"அந்தப் புள்ளைக்கு இன்னும் ரெண்டு துண்டு வெய்யி, அம்மிணி!"